இத்தாகா நகரின் குடிநீர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இத்தாகா என்னும் சிறு நகர் உள்ளது. கார்னெல் பல்கலைக் கழகம் அமைந்திருப்பது இங்குதான். 1903 ஜனவரியில் இந்நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவத் தொடங்கியது. சுமார் 1,350 பேர் நோயுற்றனர். 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 29 பேர் கார்னெல் மாணவர்கள்.

நோய் எவ்வாறு பரவியது? டைபாய்டுக் கிருமி நோயாளியின் மலத்தோடு வெளியேறி, நீரில் கலந்து, அதைப் பருகுவோரின் குடலை அடைகிறது. இத்தாகாவில் தனியார் நிறுவனம் ஒன்று ஓடை நீரை வடிகட்டாமலே குழாய்களில் வழங்கி வந்தது. நகரின் வாடகை விடுதிகளில் தங்கிய மாணவர்கள் அந்நீரையே பருகினர்.

பல்கலைக் கழக மருத்துவ விடுதி நிரம்பியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஊர் திரும்பினர். டைபாய்டைக் குணப்படுத்தும் குளோராம்பெனிகால் என்னும் மருந்து 1948இல்தான் பயனுக்கு வந்தது. ஆகவே, அன்று நோயாளிக்குத் துணை நின்றது செவிலியர் பணிவிடையே. பல்கலைக் கழக ஆட்சிக் குழுவில் இருந்த செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி, மாணவர்களின் மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டார். வளாகத்தில் நீர் வடிகட்டும் நிலையம் அமைக்கவும் பொருள் தந்தார். ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியியலறிஞர் நகரின் கிணறுகளையும் கழிப்பிடங்களையும் சீர்படுத்தினார்.

மருத்துவ உதவி, நோயுற்ற மாணவரின் குடும்பச் சுமையைக் குறைத்தது. வடிகட்டிய நீர், பின்னர் வந்த மாணவர்களை நோயிலிருந்தே காத்தது. அந்த 29 பேருக்கோ அது காலங்கடந்து வந்தது. விடுதியில் தங்கிப் பயில்வோர், தாம் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்று கேட்டறிதல் நலம்.