மலையில் வேட்டும் செவியில் எலும்பும்

பெரியாற்று நீர் மதுரைச் சீமைக்கு வந்த வரலாறு, ஊரைவிட்டு எவ்வளவு தொலைவில் வாழ்ந்தாலும் தமிழர் நெஞ்சில் நிற்பது. பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்ற அப்பணியில், நீரைக் கிழக்கே திருப்ப ஒரு மைலுக்கு மேல் மலையை வெடிவைத்துக் குடைந்தனர். 1976இல் திறக்கப்பெற்ற இடுக்கித் திட்டத்திற்கோ மின்நிலையமே மூலமற்றத்தில் மலையின் வயிற்றுக்குள் அமைந்தது. அணைகளின் உயரத்தை நாம் அறிவோம். வேட்டொலி தாங்கிய செவிகளைப் பற்றிப் பேசுவது குறைவு.

செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் கோத்து நிற்கின்றன. முதலிரண்டையும் 1543இல் வெசாலியஸ் தம் நூலில் விவரித்தார். அங்கவடியை 1546இல் இங்கிராசியா கண்டார். அதன் உயரம் சுமார் 3 மில்லிமீட்டரே. அகன்ற பறையில் விழும் ஒலியை அதன் சிறு பாதத்தில் குவிப்பதால், அழுத்தம் ஏறக்குறைய 20 மடங்காகி உட்செவி நீரை அடைகிறது.

பேரொலி கேட்டவுடன் அங்கவடியைப் பற்றிய சிறு தசை தானே சுருங்கி அதனை இறுக்கும். ஒரு செவியில் ஒலித்தாலும் இரு செவிகளிலும் இது நிகழும். 1929இல் லூஷர் என்னும் மருத்துவர், துளைபட்ட பறையின் வழியே இச்சுருக்கத்தை நேரில் பார்த்தார். ஆயினும் இக்காவல் முழு வலிமை பெற ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது செல்லும். வேட்டின் அதிர்ச்சி அதற்குள் உட்செவிக்குள் புகுந்துவிடும். ஆலை இரைச்சலுக்கு ஓரளவு உதவும் இக்காவற்காரன், பாறை வெடிக்கும் போது கொள்ளை போனபின் விழிப்பவனே. நெம்மாறை வல்லங்கி வேலையில் வாணவேடிக்கை காண நெருங்கி நிற்போரும் இதனை எண்ணுதல் நன்று.

சுத்தியையும் அங்கவடியையும் தசைகள் பற்றியிருக்க, இடைநின்ற பட்டடைக்குத் தசை எதுவும் இல்லை. ஆகவே வெடியதிர்ச்சியிலோ தலையில் படும் அடியிலோ பெரும்பாலும் அதுவே இடம் பெயர்கிறது. பறை ஆறிய பின்னும் கேள்வி 60 டெசிபல் வரை குன்றியிருக்கலாம். 1946இல் மெட்ஸ், பறை ஒலியை எதிர்க்கும் அளவைக் கொண்டு தசைச் சுருக்கத்தை அறியும் வழியை விளக்கினார். எலும்புத் தொடர் அறுந்த செவியில் தசை சுருங்கினாலும் பறைக்கு அது தெரியாது. கயிறறுந்த கிணற்றில் இராட்டினம் சுழல்வது போலத்தான். ஆனால் தசை பற்றிய இடத்திற்கு அப்பால் அங்கவடியின் கால்கள் முறிந்திருந்தால், சுருக்கம் பறையில் தென்படக்கூடும். முறிவு எங்கே என்பதற்கு மருத்துவருக்கு இது நல்ல துப்பு.

இதனினும் எளிய சோதனை 1855இல் ரின்னே கூறியது. இசைக்கவையின் ஒலி செவியின் முன்னே வைத்தபோது கேட்பதைவிடப் பின்புற எலும்பில் ஊன்றியபோது உரக்கக் கேட்டால், குறை பெரும்பாலும் பறையிலோ எலும்புத் தொடரிலோதான். அத்தொடரைச் சீரமைக்கும் அறுவை முறை 1950களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் ஆகியோரால் வளர்ந்தது. இன்று பெயர்ந்த எலும்பையே செதுக்கியோ, சிறு செயற்கைத் துண்டு கொண்டோ இணைக்கிறார்கள். உட்செவியின் உணர்வணுக்கள் மாய்ந்தால் அவற்றை மீட்க வழியில்லை. கல்லுடைக்கும் தொழிலாளி வெடிக்குமுன் செவியடைப்பு அணிவது அவற்றைக் காப்பதற்கே.