கமராவின் உறுப்பியல்

மட்டக்களப்பு நாட்டு மக்கள் தம் நிலத்தை ஒளியைக் கொண்டே பெயரிட்டுப் பகுத்தனர். வாவிக்குக் கிழக்கே, கதிரவன் எழும் பக்கத்து நிலம் எழுவான்கரை. மேற்கே, அவன் படும் பக்கத்து நிலம் படுவான்கரை. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த குருக்கள்மடம் எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். கிழக்கே கடல்; மேற்கே வாவி; வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை. காலையில் கடலின்மீதும் மாலையில் வாவியின்மீதும் ஒளி சாய்ந்து விழுவதைக் காணும் பேறு அவ்வூரார்க்கு நாள்தோறும் உண்டு. கமராவுக்கு ஒளியே உணவு. ஆதலின், கமரா என்னுங் கருவியைப் பற்றிய இப்பேச்சுக்கு அவ்வூரை நிலைக்களமாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

ஒரு கருவியை அறிதல் என்பது அதன் உறுப்புகளை அறிதலேயாம். இக்கிழக்குக் கரையிலே, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தமது யாழ் நூலில் 'யாழுறுப்பியல்' என்றோர் இயலை வகுத்தார். பண்களை ஆராயப் புகுமுன், பண் பிறக்கும் கருவியின் உறுப்புகளை அவர் ஆராய்ந்தார். வழக்கொழிந்துபோன யாழுக்கே அத்துணை ஆராய்ச்சி வேண்டியிருந்தது. நாமோ நாள்தோறும் கையில் ஏந்தும் டிஜிட்டல் கமராவின் உறுப்புகளை அறியாமலே காலங்கழிக்கின்றோம். திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அதன் பொத்தானை அழுத்துவோர் பலர். அழுத்தியபின் உள்ளே நிகழ்வது யாதென அறிந்தோர் சிலர்.

இவ்வுறுப்புகள் ஒருநாளிலே பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மிகப் பழையவை; ஒன்றே ஒன்றுதான் அடியோடு மாறியது. அந்த ஒன்று மாறியதனால் நம் எல்லோர் மேலும் ஒரு புதிய கடமை வந்து சேர்ந்துள்ளது. அக்கடமை யாதென்பதை வரலாற்றின் வழியே சென்று காண்போம்.

முதலாவது உறுப்பு இருட்டறை. கிடுகு வேய்ந்த வீட்டில், கூரையின் சிறு பொத்தல் வழியே வெயில் புகுந்து தரையில் வட்டக் காசுகள் போலப் படிவதை நாம் கண்டிருக்கின்றோம். பொத்தல் எவ்வடிவினதாயினும் தரையில் விழுவது வட்டமே. காரணம், அது பொத்தலின் நிழலன்று, சூரியனின் உருவம். 2019 டிசெம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது மரநிழல்களை உற்றுப் பார்த்தவர்கள், அவ்வட்டங்களெல்லாம் பிறைகளாகக் குறைந்ததைக் கண்டிருப்பர். இவ்வுண்மையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் வாழ்ந்த அரபு அறிஞர் இபின் அல் ஹைதம் சோதித்து எழுதினார். கமரா என்னுஞ் சொல்லே இலத்தீன் மொழியில் அறை என்று பொருள்படும். இன்றைய கமராவின் கரிய உடற்கூடு அவ்விருட்டறையேயன்றி வேறில்லை. உள்ளே கருமை பூசியிருப்பதும், வழிதவறிய ஒளி எதிரொளித்துப் படத்தைக் கெடுக்காதிருத்தற் பொருட்டே.

இரண்டாவது உறுப்பு வில்லை. சிறு துளை தெளிந்த உருவத்தைத் தரும். ஆயின் அது மங்கலாயிருக்கும். துளையைப் பெரிதாக்கினால் ஒளி பெருகும், உருவமோ கலங்கும். இவ்விடரைத் தீர்க்கவே துளையில் கண்ணாடி வில்லையைப் பொருத்தினர். அதனை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்தல் வேண்டும். குவியம் பற்றிப் பேசுங்கால் இந்நாட்டு மண்ணில் துயிலும் ஒருவரை நினைத்தல் தகும். ஜூலியா மார்கரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் படைத்த முகங்கள் கூர்மையற்று மென்பனியினூடே தோன்றுவன போலிருக்கும். கூர்மை குறைவென்று அக்காலத்தவர் குறை கூறினர். அவரோ, முகம் அழகாய்த் தோன்றும் இடத்திலேயே வில்லையை நிறுத்தினார். எங்கே நிறுத்துவது என்பது கருவியின் முடிவன்று, கருவியாளரின் முடிவு என்பதை அவர் படங்கள் இன்றும் எடுத்துரைக்கின்றன. தானே குவியங்கொள்ளும் இன்றைய கமராவிலும், எக்கண்ணில், எம்முகத்தில் குவியம் விழவேண்டும் என்று கட்டளையிடுபவர் நாமே.

வில்லையின் உள்ளே சுருங்கி விரியும் துவாரம் மூன்றாவது உறுப்பு. நம் கண்மணியைப் போல அது வெளிச்சத்துக்கேற்பச் சுருங்கும், விரியும். அதனைக் குறிக்கும் இலக்கம் புதியோரை மயங்கவைக்கும். இலக்கம் பெரிதானால் துவாரம் சிறிது. குவியத் தூரத்தை எத்தனையாற் பிரித்தது துவாரத்தின் விட்டம் என்பதே அவ்விலக்கத்தின் பொருள். 50 மில்லிமீற்றர் வில்லையில் 2 என்னும் இலக்கம் 25 மில்லிமீற்றர் துவாரத்தைக் குறிக்கும். 8 என்னும் இலக்கம் 6 மில்லிமீற்றருக்குச் சிறிது மேற்பட்ட துவாரத்தைக் குறிக்கும். துவாரம் விரிந்தால் தோணியில் நிற்பவர் முகம் மட்டும் தெளிந்து, பின்னே அக்கரை கரைந்துபோகும். துவாரம் சுருங்கினால் தோணியும் கண்டற் காடும் அக்கரையும் ஒருசேரத் தெளியும்.

நான்காவது உறுப்பு சட்டர் எனப்படும் ஒளித்தடுப்பு. இதன் வரலாறு காலத்தை வென்ற வரலாறு. பிரான்ஸ் தேசத்து நியப்ஸ் 1827ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சாளரத்தினூடே எடுத்த படத்துக்குப் பல மணி நேர ஒளி வேண்டியிருந்தது. 1839இல் டாகெர் தம் முறையை உலகுக்கு வெளியிட்டபோது அது சில நிமிடங்களாகக் குறைந்தது. அந்நாளில் ஒளித்தடுப்பு என்றொரு பொறியே இல்லை. வில்லையின் மூடியைக் கையால் எடுப்பதும் மீண்டும் இடுவதுமே வழக்கம். இன்றைய ஒளித்தடுப்பு ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கி அதிலொரு கூறை மட்டும் உள்ளே விடவல்லது. வாவியில் மீனவர் வீச்சுவலையை எறியும்போது, வலை மல்லிகைப் பூவாக விரிந்து நிற்கும் கணத்தைப் பிடிக்க அத்தகைய வேகம் வேண்டும். மெதுவான வேகத்தில் கையாலெடுத்தால் வலை புகையாகிவிடும். மாலை மங்கிய பொழுதில் மெதுவான வேகமே வேண்டுமாயின், முக்கால் தாங்கியின்மேல் கமராவை நிறுத்தவேண்டும். அது இல்லாதபோது இடக்கையை வில்லையின் அடியில் ஏந்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை ஒருகணம் நிறுத்திப் பொத்தானை மெல்ல அழுத்தவேண்டும்.

இனி ஐந்தாவது உறுப்புக்கு வருவோம். ஒளியை ஏற்கும் தளம் அது. இங்கேதான் பெருமாற்றம் நிகழ்ந்தது.

பழங்காலத்து ஒளியேற்கும் தளத்தின் தன்மையைத் தமிழ்நாட்டு வரலாறொன்று நன்கு விளக்கும். லின்னியஸ் டிரிப் என்பார் சென்னைப் படையில் கப்டனாக இருந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தனது நிழற்படக் கலைஞராக நியமித்தது. 1858இல் அவர் மதுரையிலும் தஞ்சையிலும் பெரிய கமராவுடன் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழப் பொறிக்கப்பட்ட சோழர் கல்வெட்டுகளை, கமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். மெழுகூட்டிய தாளே பெரும்பாலும் அவருடைய நெகற்றிவ். அத்தாள் நீல ஒளிக்கு மிகையாக இணங்குவது. ஆதலால் வானம் முழுதும் வெண்மையாகிவிடும். அவர் நெகற்றிவின்மேல் வண்ணம் தீட்டி வானத்துக்கு முகில் அளித்தார்.

வெளுத்த வானம் என்னும் அவ்விடர் இன்றும் ஒழிந்தபாடில்லை. நண்பகலில் வாவிக்கரையில் நின்று கரிய தோணியையும் ஒளிரும் நீரையும் ஒருங்கே எடுப்பவர் அதனை எதிர்கொள்வர். கமராவின் சிறு திரை அவ்வெயிலில் சரியாகத் தெரியாது. திரையில் தோன்றும் ஒளிப்பரம்பல் வரைபை நோக்குவதே அறிவுடைமை. அவ்வரைபு வலப்புறச் சுவரில் முட்டி நின்றால் வானம் வெந்துபோயிற்று என்பது பொருள். ஒளியைக் குறைத்து மீண்டும் எடுக்கலாம். டிரிப் பல நாள் கழித்துத் தூரிகையாற் சரிசெய்ததை நாம் அவ்விடத்திலேயே சரிசெய்கின்றோம்.

தாளுக்கும் கண்ணாடிக்கும் பின்னர் படச்சுருள் வந்தது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் 1888இல் 100 படங்களுக்குரிய சுருளைக் கமராவினுள் வைத்தே விற்றார். 1925இல் ஜெர்மனியில் வெளிவந்த லைக்கா 24க்கு 36 மில்லிமீற்றர் அளவை நிலைநாட்டியது. இன்று முழுச்சட்டகக் கமரா என விற்கப்படுபவற்றின் உணரிக்கும் அதுவே அளவு. படச்சுருள் போயிற்று, அதன் அளவு போகவில்லை.

அந்தச் சுருளின் இடத்தைப் பிடித்த சிலிக்கன் உணரி 1969இல் கருக்கொண்டது. பெல் ஆய்வுகூடத்தில் போயிலும் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாக மாற்றித் தொகுக்கும் சாதனத்தை வகுத்தனர். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றனர். 1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் முதலாவது கையடக்க டிஜிட்டல் கமராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம், அதன் படத்தில் இருந்தவை 10,000 பிக்சல்கள். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. உணரி ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியாது. அதே நிறுவனத்துப் பிரைஸ் பேயர் என்பார், உணரியின் மேல் பச்சை, சிவப்பு, நீலச் சிறு வடிகளைக் கட்டங்கட்டமாய் அமைக்கும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சையையே நுட்பமாய் உணர்வதால் பச்சைக் கட்டங்கள் மற்றவற்றினும் இருமடங்கு. 1852இல் இலங்கையைப் படமெடுத்த பிரடெரிக் பீபிக் தம் படங்களுக்குக் கையால் நிறந்தீட்டினார். இன்று கமராவினுள்ளிருக்கும் கணிப்பொறி அவ்வடிகளின் கணக்கைக் கொண்டு நிறந்தீட்டுகின்றது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். படச்சுருள் இரண்டு தொழில்களைச் செய்தது. ஒளியைப் பிடித்ததும் அதுவே. பிடித்ததைக் காத்ததும் அதுவே. டிஜிட்டல் கமராவில் அவ்விரு தொழில்களும் பிரிந்துவிட்டன. உணரி பிடிக்கின்றது, அடுத்த கணமே மறந்து, அடுத்த படத்துக்கு வெறுமையாகின்றது. காப்பது ஆறாவது உறுப்பாகிய நினைவட்டை. அதுவோ விரல்நகத்தளவு பொருள்; அழித்து அழித்து எழுதுவதற்கென்றே அமைந்தது. காத்தல் என்னுந் தொழில் கருவியை விட்டு நம் கைக்கு வந்துவிட்டது. மேலே கூறிய புதிய கடமை இதுவே.

இழப்பு இன்னதென்பதை மட்டக்களப்பு நாடு பட்டறிந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர வீடுகளைக் கொண்டுபோயிற்று. இடையே நெடும்போர் மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர வைத்தது. சுவரில் மாட்டிய ஒரேயொரு திருமணப் படம், மறைந்த தாயின் ஒரேயொரு முகம் என்றிவ்வாறு போனவை எத்தனை! போனவற்றுக்கு மாற்று இல்லாமைக்குக் காரணம், அவை ஒற்றைப் பிரதியாய் இருந்தமையே. டிரிப்பின் படங்களோ பல பிரதிகளாக அச்சிடப்பெற்றுப் பல இடங்களுக்குச் சென்றமையால் 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் காணக்கிடைக்கின்றன.

ஆகவே, கமராவை ஓம்பும் முறையில் முதலிடம் பிரதிக்கே உரியது. திருவிழா முடிந்த அன்றிரவே நினைவட்டையிலுள்ள படங்களைக் கணினியில் ஒரு பிரதியும் தனி வட்டில் ஒரு பிரதியும் எடுத்து, இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலேனும் இணையவழிக் களஞ்சியத்திலேனும் வைத்தல் நன்று. அதன் பின்னரே அட்டையைத் துடைக்கலாம். எழுத்து நிகழும்போது அட்டையையோ பற்றரியையோ கழற்றலாகாது. சிறந்த படங்களைத் தாளில் அச்சிட்டு, இன்னார், இவ்வூர், இவ்வாண்டு எனப் பின்புறம் எழுதிவைத்தல் வேண்டும். பெயரில்லாத முகம் ஒரு தலைமுறைக்குள் அந்நியமாகிவிடும்.

அடுத்தது உப்பும் மணலும். கடற்காற்றில் வரும் உப்பீரம் உலோகத்தை அரிக்கும். கரையிலிருந்து மீண்டதும் நன்னீரில் தோய்த்துப் பிழிந்த மெல்லிய துணியாலும், பின் உலர்ந்த துணியாலும் கூட்டைத் துடைக்கவேண்டும். வில்லையைத் துடைக்குமுன் காற்றுக்குமிழால் மணலை ஊதி அகற்றவேண்டும். மணலோடு தேய்த்தால் கண்ணாடி கீறும். வில்லையை மாற்றும்போது மின்னை நிறுத்தி, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தல் நன்று. வாயால் ஊதுதல் கூடாது; எச்சில் துளி உணரியிற் படியும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது, கமராவைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்தால் வில்லையில் நீர்த்துளி படியாது. மாரிக்காலத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிய பெட்டியில் வைத்தால் வில்லையிற் பூஞ்சணம் பற்றாது.

இருட்டறை, வில்லை, துவாரம், ஒளித்தடுப்பு, உணரி, நினைவட்டை ஆகிய ஆறும் ஒன்றுக்கொன்று உறவினர். முதல் ஐந்தும் படத்தைப் பிறப்பிக்கும். ஆறாவது அதனை வளர்ப்பார் கையில் ஒப்படைக்கும். எழுவான்கரையில் இன்று பிடித்த ஒரு முகத்தை ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை காணுமா என்பது வில்லையின் விலையைப் பொறுத்ததன்று. படமெடுத்தவர் எத்தனை பிரதி வைத்தார், அதன் பின்னே யார் பெயரை எழுதினார் என்பதைப் பொறுத்தது.