வரி கட்டாத ஆளுங்களா நாம?

'ரோம்: டோட்டல் வோர்' விளையாடியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒரு நகரத்தில் வரியைக் கூட்டினால் உடனே பணம் வரும். ஆனால் ஜனத்தொகை வளர்வது குறையும், சனம் குழம்பும். வரியைக் குறைத்தால் இப்போதைக்கு வருமானம் கம்மிதான். நகரம் பெருத்த பிறகு அந்தக் குறைந்த வரியே கூடுதல் காசைக் கொண்டு வரும். அதனால் ரோட்டுப் போடுவதும் கால்வாய் வெட்டுவதும் ஆட்சியாளருக்கே லாபம். சனம் நல்லா இருந்தால்தான் கஜானா நிறையும்.

டயகமயில் இந்தக் கணக்கு ஏன் வேலை செய்யவில்லை? கஜானாவுக்கு வருமானம் தந்தது இங்கே வாழ்ந்த சனத்தின் வளர்ச்சி இல்லை, தேயிலை. கொழும்புத் துறைமுகத்தில் பெட்டி கப்பல் ஏறினால் ஏற்றுமதித் தீர்வை கிடைத்துவிடும். அதற்கு லயத்துக் கூரை ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன?

"தோட்டத்து ஆளுங்க வரி கட்டுறதில்லையே" என்று ஒரு பேச்சு உண்டு. அது சரித்திரத்துக்குப் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டில் தோட்டத்தில் பொங்கிய சோறு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த அரிசி. அதற்கு இறக்குமதித் தீர்வை இருந்தது. உள்ளூர் விவசாயி கட்டிய நெல் வரி 1892இல் ரத்தானது. அரிசித் தீர்வை தொடர்ந்தது. அதாவது, ஒவ்வொரு கவளத்திலும் நம்ம ஆளுங்க அரசாங்கத்துக்கு வரி கட்டியிருக்கிறார்கள். ரசீது மட்டும் அவர்கள் பெயரில் இல்லை.

பெயரில் இல்லாததுதான் பிரச்சினை. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்ட லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்கள் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருஷம் நாடாளுமன்ற வாக்கும் போனது.

பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. கட்டடங்கள் நிறைந்த பகுதியில் ஆதன வரி, அதாவது நாம் சொல்லும் சோலை வரி. பயிர்ச்செய்கை நிலத்துக்குப் பரப்பளவைப் பார்த்து ஏக்கர் வரி. தோட்ட நிலம் லயத்து ஆளுங்களுடையது இல்லை என்பதால் அவர்கள் பெயர் வரிப் புத்தகத்தில் ஏறவில்லை. சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. குடியுரிமை திரும்பக் கிடைத்து வாக்குப் போட்டவர்கள் சபைக்கு உறுப்பினரை அனுப்பினார்கள். அந்த உறுப்பினரால் தன்னை அனுப்பிய லயத்துக்கு சபைக் காசில் ஒரு பாதை போட முடியவில்லை.

டயகம அப்போது நுவரெலியா பிரதேச சபைக்குள் இருந்தது. ரெண்டு லட்சத்துக்கு மேல் சனத்துக்கு ஒரே சபை. 2018இல் ரெண்டு மாற்றம் நடந்தது. நுவரெலியா சபை மூன்றாகப் பிரிந்து, டயகம அக்கரப்பத்தனை பிரதேச சபைக்குள் வந்தது. பெப்ரவரி 10இல் தேர்தலும் நடந்தது. அதே வருஷம் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. இப்போது சபை தோட்டத்துக்குள் செலவழிக்கலாம்.

கதை முடிந்ததா? இல்லை. செலவழிக்க அனுமதி வேறு, கையில் காசு இருப்பது வேறு. டயகம பஜார் மாதிரி சின்னக் கடைத்தெருக்களில் எவ்வளவு ஆதன வரி சேர்ந்துவிடும்? சுற்றியுள்ள தேயிலை மலையெல்லாம் 1992க்குப் பிறகு கம்பனிகளின் நிர்வாகத்தில். வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பம் சோலை வரி கட்ட ஆசைப்பட்டாலும் எந்தப் பெயரில் கட்டுவது?

அதனால் காணி உரிமை என்பது வெறும் வீட்டுப் பிரச்சினை இல்லை. "என் வரிக்கு என்ன செய்தீர்கள்?" என்று சபையைப் பார்த்துக் கேட்கும் உரிமையும் அதற்குள்தான் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சபை ஒவ்வொரு வருஷமும் வரவு செலவுத் திட்டம் போடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. அந்தத் திட்டத்தில் லயங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் படிப்போம். அரிசிக்குத் தீர்வை கட்டிய காலத்திலிருந்தே கணக்குக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.