அலுமாரியைத் திறந்து வைத்தவர்கள்

"பிள்ளையை மொண்டிசோரிக்கு விட்டாச்சோ?"

மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். முன்பள்ளி, பாலர் பாடசாலை, நேசரி எண்டு எத்தனை பெயர் இருந்தாலும் இலங்கையில் பலருக்கு அது மொண்டிசோரிதான். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது எங்களில் பலருக்கு மிகப் பிந்தித்தான் தெரிய வந்தது.

இந்தக் கட்டுரைக்காக எங்கட முன்பள்ளி ஞாபகங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தோம். புள்ளிக்கு மேல் 'அ' எழுதினது, கையைக் கட்டிக்கொண்டு இருந்தது, கோட்டுக்கு வெளியில் நிறம் போனதுக்குப் பேச்சு வாங்கினது. எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஞாபகம் ஒன்று: விளையாட்டுப் பொருட்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி இருக்கும். வெளியிலிருந்து ஆராவது பெரிய ஆக்கள் வந்தால்தான் அது திறபடும்.

அந்த அலுமாரியிலிருந்து தொடங்குவோம்.

தடை செய்யப்பட்ட தோட்டம்

மொண்டிசோரிக்கு முன்னம் ஒருவர் இருந்தார். ஜேர்மனியின் தூரிங்கியாப் பகுதியில் 1782இல் பிறந்த பிரடரிக் புரோபல். ஒரு வயது ஆகும் முன்னமே தாயை இழந்தவர். 1837இல் பிளாங்கன்பேர்க் என்ற சிறு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். 1840இல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' எண்டு பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். செடியை இழுத்து வளர்க்க ஏலாது; மண்ணையும் தண்ணீரையும் கவனிக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையும் அப்படித்தான் என்பது அவருடைய எண்ணம்.

அந்தக் காலத்தில் விளையாட்டு என்றால் வீண்பொழுது. புரோபல் அதைத் தலைகீழாக்கினார். பிள்ளை உலகத்தை விளங்கிக்கொள்கிற வழியே விளையாட்டுத்தான் என்றார். நூலால் செய்த நிறப் பந்துகள், மர உருண்டை, உருளை, கனசதுரம், எட்டாகப் பிரிக்கக்கூடிய கட்டைகள். இவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பரிசுகள்'. இன்றைக்குக் கடையில் விற்கிற கட்டடக் கட்டைகளுக்கு இவைதான் முன்னோடி.

1851 ஓகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டனைத் தடை செய்தது. நாத்திகமும் சோசலிசமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. புரோபலின் பெறாமகன் கார்ல் எழுதிய ஒரு பிரசுரத்தை இவருடையது என்று அரசு குழப்பிக்கொண்டது என்றும் சொல்லுவார்கள். ஆனால் இது வெறும் ஆள்மாறாட்டம் மட்டும் இல்லை. 1848 புரட்சியை அடக்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சொன்னதைச் செய்யாமல் தானாகத் தெரிவுசெய்து பழகிற பிள்ளை, வீட்டுக்கு வெளியில் வந்து ஆசிரியராகப் பயிற்சி எடுக்கிற பெண் – இரண்டும் பயந்துபோயிருந்த அரசுக்குப் பிடிக்கக்கூடிய விசயங்கள் இல்லை. அடுத்த வருடமே புரோபல் இறந்துவிட்டார். தடை 1860இல் நீங்கியது. அதற்குள் அவரிடம் படித்த பெண்களும் நாட்டை விட்டு வெளியேறியவர்களும் கிண்டர்கார்ட்டனை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

நாற்பது தரத்துக்கு மேல்

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ, தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. அங்கே தொடர்மாடிகளைத் திருத்தி வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கு ஒரு பிரச்சினை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபிறகு சின்னப் பிள்ளையள் சுவரில் கிறுக்கி, படிகளைப் பழுதாக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு அறையில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டால் திருத்தச் செலவு மிச்சம் என்று நினைத்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றவர், 1896இல் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மொண்டிசோரி. உலகத்தை மாற்றின ஒரு பள்ளிக்கூடம் சுவரைக் காப்பாற்றத்தான் தொடங்கியது!

மொண்டிசோரி அங்கே செய்த முதல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைத் துளைகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாட வைத்தார். கதிரையோடு அவளைத் தூக்கி மேசையில் வைத்தார். அவள் நிறுத்தவில்லை. நாற்பது தரத்துக்கு மேல் செய்து, தானாக நிறுத்தி, ஆறுதல் எடுத்த ஆளைப் போல மலர்ந்த முகத்தோடு சுற்றிப் பார்த்தாளாம். மூன்று வயதுக்குக் கவனம் நிக்காது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இன்னொரு நாள், பொருட்கள் வைத்த அலுமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். பிள்ளைகள் தாங்களே தங்களுக்கு வேண்டியதை எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது களவாகத் தெரிந்தது. மொண்டிசோரிக்கு அது தெரிவாகத் தெரிந்தது. அதன் பிறகு பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், பூட்டில்லாத தட்டுகள் வந்தன.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மொண்டிசோரி இதை 'விளையாட்டு' என்று சொல்லவில்லை, 'வேலை' என்றுதான் சொன்னார். கற்பனை விளையாட்டில் அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. புரோபலின் வழிவந்தவர்களோடு இதில் அவருக்கு முரண்பாடு இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரு இடத்தில் சந்திக்கிறார்கள்: எதை, எவ்வளவு நேரம் செய்வது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

அடையாறு, கொழும்பு

1924 முதல் முசோலினியின் அரசு மொண்டிசோரிப் பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சர்வாதிகாரிக்குத் தேவைப்பட்டது அணிவகுக்கிற பிள்ளைகள். முரண்பாடு முற்றி 1934இல் உறவு முறிந்தது. இத்தாலியில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகள் அதற்கு முன்னமே மூடிவிட்டார்கள். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவரை பார்சிலோனாவிலிருந்தும் துரத்தியது.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். வயது 69. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, பிரித்தானிய அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆனார். மகன் மாரியோவைத் தடுப்பு முகாமில் போட்டார்கள். அவரை அடையாறு வளவை விட்டு வெளியேறவிடவில்லை. ஓகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக மாரியோ விடுவிக்கப்பட்டார். யுத்த வருடங்கள் முழுக்க அவர் இந்தியாவிலேயே இருந்தார். சிலகாலம் கொடைக்கானலில். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்.

எங்கட வாயில் இருக்கிற அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. இரண்டு சர்வாதிகாரங்கள் மூடிய பள்ளியின் பெயரைத்தான் நாங்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை போர்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்ப எங்களிட்ட

1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 வகுப்புகளில் விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. அரசாங்கப் புத்தகமே அப்படிச் சொல்லியும், பல முன்பள்ளிகளில் மூன்றரை வயதுக்குக் கொப்பியும் வீட்டுவேலையும் கொடுக்கிறார்கள். ரீச்சர்மாரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? "சும்மா விளையாட விடத்தான் காசு கட்டுறமோ?" எண்டு கேட்பது நாங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மேல் விழுகிறது. அந்த ரீச்சருக்குக் கிடைக்கிற கொடுப்பனவோ மாதம் ஓட்டவே காணாது.

போருக்குப் பிறகு வன்னியில் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போனதற்கும் இந்தச் சம்பளம் ஒரு காரணம். மாகாணக் கொடுப்பனவைவிடப் பலமடங்கு அங்கே கிடைத்தது. சண்டையில் எல்லாம் இழந்த ஒரு பெண் அந்த வேலையை எடுத்ததற்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லமாட்டோம். ஆனால் பாதுகாப்புக் கட்டமைப்புக்கு மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பறையில் என்ன அலுவல் என்று கேட்கத்தான் வேண்டும். புரோபலின் கதையும் மொண்டிசோரியின் கதையும் அந்தக் கேள்வியைத்தான் எங்களிட்டத் தந்திருக்கின்றன. சின்னப் பிள்ளையள் விளையாடுகிற இடத்தை அதிகாரம் ஒருபோதும் சின்ன இடமாகப் பார்த்ததில்லை.

எங்களில் சிலர் இப்ப சித்தி, மாமா, சித்தப்பா ஆகிவிட்டோம். பிள்ளையைக் கூட்டிவரப் போகிறபோது முன்பள்ளி அலுமாரியை ஒருக்கால் பாருங்கோ. பூட்டு இருக்கிறதா, தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, பொருட்கள் தேய்ந்திருக்கின்றனவா, புதிசாகவே இருக்கின்றனவா? வழியில் "இண்டைக்கு என்ன எழுதினனீ?" எண்டு கேட்காமல், "இண்டைக்கு என்ன விளையாடினனீ?" எண்டு கேட்டுப் பாருங்கோ.