பூசிமலைக்குப்பம்: ஆரணிச் சீமையின் ஏரியும் காடும் கண்ணாடி மாளிகையும்

பூசிமலைக்குப்பம் என்பது திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி வட்டத்தில், ஆரணி நகருக்கு மேற்கே குன்றுகளுக்கு நடுவில் அமைந்துள்ள ஒரு சிற்றூர். இங்குள்ள ஏரியும், அதனைச் சூழ்ந்த காடும், காட்டுக்குள் சிதைந்து நிற்கும் ‘கண்ணாடி மாளிகை’ என்னும் பழைய கட்டடமும் சுற்றுவட்டார மக்கள் நடந்து சென்று காணும் இடங்களாக உள்ளன. மாளிகையைக் கட்டியவர்கள் ஆரணி ஜாகீர்தார்கள். இதனைப் பற்றி ஊரில் வழங்கும் காதல் கதையே இன்று பெரிதும் பேசப்படுகிறது. அந்தக் கதைக்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நீண்ட ஓர் ஆட்சியின் வரலாறு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

அமைவிடமும் நீர்வளமும்

ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை உள்ளது. அதன் கிழக்குச் சரிவிலிருந்து இறங்கும் கமண்டல நதியும், அமிர்தி காட்டுப் பகுதியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வரும் நாகநதியும் ஒன்றுசேர்ந்து கமண்டல நாகநதி என்ற பெயருடன் ஆரணியைக் கடந்து சென்று செய்யாற்றில் கலக்கின்றன. சமதக்கினி முனிவரின் கமண்டலத்திலிருந்து பெருகியதால் இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். ஊர்ப்பெயருக்கும் இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். ஆறு அணி செய்வதால் ஆரணி என்பது ஒன்று; ‘ஆரண்யம்’, அதாவது காடு, என்பதே திரிந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே மக்கள் வழக்கில் உள்ள விளக்கங்கள்தாம் என்றாலும், ஆறும் காடும் இந்த மண்ணோடு எவ்வளவு நெருங்கியவை என்பதை அவை காட்டுகின்றன.

இந்த ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் சில வாரங்கள் பெருகி, பிறகு மணலாகிவிடும். ஆகவே இப்பகுதியின் வேளாண்மை முழுவதும் ஏரிகளை நம்பியே வளர்ந்தது. குன்றுகளுக்கு இடையில் கரை கட்டி, சரிவில் வழியும் மழைநீரைத் தேக்கி, மதகு வழியாகக் கீழேயுள்ள வயல்களுக்கு விடுவது பழைய முறை. பூசிமலைக்குப்பம் போன்ற மலையடி ஏரிகளுக்கு மேலேயுள்ள காடுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு அழிந்தால் மழைநீரோடு மண்ணும் சேர்ந்து இறங்கி ஏரி தூர்ந்துவிடும். ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை எல்லோரும் அறிவர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அதே அளவுக்கு அது அரிசி ஆலைகளின் ஊரும் ஆகும். தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளியின் சோறும் இந்த ஏரித் தண்ணீரில் விளைந்ததுதான்.

ஜாகீரின் தோற்றம்

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர் சுல்தானின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தன. அப்படைத் தலைவர்களுள் ஒருவர் சத்ரபதி சிவாஜியின் தந்தையான சாஹாஜி போன்ஸ்லே. அவருடன் வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்னும் மராட்டிய அந்தணருக்கு ஆரணிக் கோட்டையும் அதனைச் சார்ந்த ஊர்களும் ஜாகீராக வழங்கப்பட்டன. (படைப் பணிக்கோ பிற சேவைக்கோ ஈடாக, ஒரு பகுதியின் வரி வருவாயை அனுபவிக்க அளிக்கப்படும் உரிமையே ஜாகீர்.) பீஜப்பூர், முகலாயர், ஆற்காடு நவாப், ஆங்கிலேயர் என்று மேலே இருந்த அரசுகள் மாறிக்கொண்டே இருந்தபோதிலும், இக்குடும்பம் ஆரணியைக் கைவிடாமல் காத்துக்கொண்டது. தமிழ் பேசும் ஊரில் மராத்தி பேசும் அரண்மனை என்ற நிலை அதனால் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

ஜாகீர்தார்கள் மத்வ சமயத்தினர். உத்தராதி மடத்தின் பீடாதிபதியாக இருந்து 1737இல் மறைந்த சத்யவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் ஆரணியை அடுத்து உள்ளது. அவர் பெயராலேயே அந்த ஊர் சத்தியவிஜயநகரம் எனப்படுகிறது. இன்று பேருந்துப் பலகைகளில் எஸ்.வி. நகரம் என்று சுருங்கிவிட்ட பெயர் இதுதான். ஜாகீர்தார்களின் பெரிய அரண்மனையும் அங்கேதான் இருந்தது.

ஏரி வயல்களில் நடந்த போர்

ஆரணி இந்திய வரலாற்று நூல்களில் இடம்பெறுவது 1751ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் நடந்த போரினால்தான். ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவ், முற்றுகை நீங்கியபின் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுப் படையையும் பின்தொடர்ந்து வந்தார். கிளைவிடம் இருந்த ஐரோப்பிய வீரர்கள் ஏறத்தாழ 200 பேர். மராட்டியக் குதிரைவீரர்கள் சுமார் 600 பேர் அவருக்குத் துணையாக இருந்தனர். எதிர்த்தரப்பு எண்ணிக்கையில் பெரியது.

இப்போரின் போக்கைத் தீர்மானித்ததில் நிலத்துக்கும் பங்கு உண்டு. கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்து, நெல் வயல்கள் சேறாகிக் கிடந்தன. கிளைவ் ஒரு மேட்டில் நின்றார். ஒருபுறம் பனந்தோப்பு, மறுபுறம் ஒரு சிற்றூர், முன்னே நீர் தேங்கிய வயல்கள். பிரெஞ்சுப் படை பீரங்கிகளுடன் வயல்களின் ஊடே சென்ற ஒற்றைக் கரைப்பாதை வழியாகத்தான் முன்னேற வேண்டியிருந்தது. குறுகிய பாதையில் நெருக்கமாக வந்தவர்கள் எளிதில் குண்டுக்கு இலக்காயினர். இரவு வரை நீடித்த சண்டையின் முடிவில் ராசா சாகிபின் படை சிதறியது. ஆரணிக் கோட்டைத் தலைவரும் காற்று வீசும் திசையறிந்து, ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியின் பக்கம் சேர்ந்தார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் மைசூர்ப் போரின்போது, ஐதர் அலி ஆரணிக் கோட்டையைத் தம் படையின் தானியக் களஞ்சியமாகப் பயன்படுத்தினார். அதனைக் கைப்பற்ற வந்த தளபதி அயர் கூட்டுக்கும் ஐதருக்கும் 1782 ஜூன் 2ஆம் நாள் ஆரணி அருகே மோதல் நடந்தது. ஆங்கிலப் படை களத்தில் பின்வாங்கவில்லை. ஆனால் கோட்டை அதன் கைக்குக் கிடைக்கவில்லை. ஒரு படைக்கு வேண்டிய தானியத்தை ஆரணியில் சேர்த்து வைக்க முடிந்தது என்பதே இப்பகுதி ஏரிகளின் பெருமைக்குப் போதுமான சான்று. 1790இல் ஆரணியில் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த தூண் கோட்டைப் பகுதியில் இன்றும் உள்ளது.

கண்ணாடி மாளிகை

போர்கள் ஓய்ந்து ஆங்கில ஆட்சி நிலைபெற்ற பின், ஜாகீர்தார்களுக்குப் படை நடத்தும் வேலை இல்லாமல் போயிற்று. வரி வசூல், கோயில் திருவிழா, வேட்டை ஆகியவையே எஞ்சின. காட்டுக்குள் ஏரிக்கு அருகில் ஒரு மாளிகை எழுந்ததன் பின்னணி இதுவே. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, ஐரோப்பிய முறையிலான வளைவுகளும் கோபுரம் போன்ற முகப்பும் அமையுமாறு அது கட்டப்பட்டது. சாளரங்களிலும் கதவுகளிலும் கண்ணாடி பதித்திருந்ததால் மக்கள் அதனைக் கண்ணாடி மாளிகை என்றனர். இப்போது ஒரு கண்ணாடித் துண்டும் இல்லை. மரங்கள் வேர்விட்டுச் சுவர்களைப் பிளந்துள்ளன. கூரையின் பெரும்பகுதி விழுந்துவிட்டது.

சீமைக்குச் சென்ற ஜாகீர்தார் ஒருவர் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்து மணந்து அழைத்து வந்தார், அரண்மனையில் அவளை ஏற்கவில்லை, ஆகவே காட்டுக்குள் அவளுக்காக இந்த மாளிகையைக் கட்டினார் என்பது கர்ண பரம்பரைக் கதை. பெயர்களும் முடிவும் சொல்பவருக்கு ஏற்ப மாறுகின்றன. கதை அழகானது, ஆனால் கட்டடத்தின் ஐரோப்பியப் பாணியை விளக்க அந்தக் கதை தேவையே இல்லை. 1768இல் ஆற்காடு நவாப் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியது முதல், ஹென்றி இர்வின் வடிவமைத்த மைசூர் அரண்மனை வரை, தென்னாட்டு அரசர்களும் ஜமீன்தார்களும் மேலைநாட்டு முறையை விரும்பிக் கையாண்டனர். வெள்ளைக்கார விருந்தினரை வேட்டைக்கு அழைப்பதும், அவர்கள் தங்க வசதியான விடுதி கட்டுவதும் அக்காலச் சிற்றரசர்களின் வழக்கம். ஏரியும் காடும் கூடிய இந்த இடம் அதற்கு மிகவும் ஏற்றது. காதல் கதை மாளிகையைப் பிரபலமாக்கியது உண்மைதான். சுவர்களில் காதலர் பெயர்களைக் கீறும் பழக்கத்தையும் அதே கதைதான் வளர்த்தது என்று தோன்றுகிறது.

ஜாகீர் ஒழிந்த பின் காடு

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதும் ஜமீன்களும் ஜாகீர்களும் முடிவுக்கு வந்தன. இச்சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும், எஸ்டேட் உரிமையாளர்கள் பலர் தங்கள் காட்டு மரங்களை அவசர அவசரமாக வெட்டி விற்கத் தொடங்கினர். இதனைத் தடுக்கவே 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அரண்மனைகளின் கதையைச் சொல்பவர்கள் மறந்துவிடும் பக்கம் இது. மாளிகை ஆளின்றிப் போன அதே காலத்தில் காடும் கோடரிக்கு முன்னால் நின்றது. இடிந்த மாளிகையைத் திரும்பக் கட்டப் பணம் இருந்தால் போதும். மொட்டையான குன்றில் மீண்டும் மரம் நின்று, ஏரிக்குத் தெளிந்த நீர் வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

மாவட்ட எல்லைகளும் பின்னர் மாறின. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டபோது ஆரணி புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முதலில் வைக்கப்பட்ட பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள், அரசர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது சம்புவராயரும் நீங்கினார்.

சுற்றிலும் உள்ள நடைவழிகள்

அந்தச் சம்புவராயரின் தலைநகரம் ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படைவீடு. இன்று படவேடு என வழங்குகிறது. சோழரின் கீழ்ச் சிற்றரசராக இருந்து பின்னர் தனியாட்சி நடத்திய இவர்களை 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் வென்றார். அவருடைய மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய ‘மதுரா விஜயம்’ இப்படையெடுப்பைப் பாடுகிறது. அதில் வரும் இராசகம்பீரன் மலை இங்குள்ள கோட்டை மலையே. கோட்டைமலை உச்சியில் வேணுகோபால சுவாமி கோயில் உள்ளது. ஏறும் வழியில் திரும்பிப் பார்த்தால் கீழே வாழைத்தோட்டங்களும் ஏரிகளும் தெரியும். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளிகளில் பெருங்கூட்டம் வருகிறது. அருகில் கமண்டல நதியின் குறுக்கே 287 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செண்பகத்தோப்பு அணை உள்ளது.

தென்மேற்கே உள்ள திருமலை வேறு வகையான இடம். பாறையில் செதுக்கிய நேமிநாதர் சிலை சுமார் 16 அடி உயரம். தமிழகத்துச் சமணச் சிலைகளில் இவ்வளவு உயர்ந்தது வேறில்லை. இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் இங்கே உள்ளது. முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இம்மலைப் பாறையில் வெட்டப்பட்டுள்ளது. சோழப் படை கங்கை வரை சென்றதையும் மகிபாலனை வென்றதையும் வரிசையாகச் சொல்லும் அந்தக் கல்வெட்டின் உண்மையான நோக்கம் மிகச் சிறியது: மல்லியூர் வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, கோயிலில் விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் கொடுத்த கொடையைப் பதிவு செய்வதே. வட இந்தியப் படையெடுப்பு பற்றிய முதன்மைச் சான்று நமக்கு ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணின் விளக்குக் கொடையால் கிடைத்திருக்கிறது. ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் பல ஊர்களில் வாழ்கின்றன.

தெற்கே தேவிகாபுரத்தில் விசயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும், அருகில் குன்றின்மேல் கனககிரீசுவரர் கோயிலும் உள்ளன. கிழங்கு தோண்டிய வேடனின் கருவி பட்டுக் காயமுற்ற இலிங்கம் என்பதால் மலைமேல் உள்ள இறைவனுக்கு வெந்நீரால் திருமுழுக்காட்டுகின்றனர்.

செல்வோர் அறிய வேண்டியவை

பூசிமலைக்குப்பத்தில் வழிகாட்டிப் பலகைகள் நிறைந்த நடைபாதை எதனையும் எதிர்பார்க்கக் கூடாது. ஏரிக்கரையும், ஆடு மாடு மேய்ப்போரும் விறகு எடுப்போரும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகளுமே வழி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. பங்குனிக்குப் பிறகு வெயில் கடுமை. காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். மாளிகையின் மாடிப்படிகளும் தளமும் உறுதியானவை அல்ல. வெளியில் நின்று பார்ப்பதே நல்லது. ஆழம் தெரியாத ஏரியில் மாணவர்கள் குளிக்க இறங்கக் கூடாது.