யாழ்ப்பாணத்தில் அந்நியர் ஆட்சியும் சைவ - கத்தோலிக்க முரண்பாடும்

யாழ்ப்பாணத்துச் சமய வரலாற்றிலே போர்த்துக்கேயர் காலத்தைச் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் இடையே நிகழ்ந்த போராட்டக் காலமாகக் காட்டுவது வழக்கம். ஆயின், இரு சமயத்தாரிடையே தோன்றிய பகைமை கொள்கை வேறுபாட்டினால் மட்டும் விளைந்ததன்று. ஒருவர் தழுவும் சமயமே அவர் எவ்வரசுக்கு உரியவர் என்பதை உணர்த்தும் அடையாளமாகக் கொள்ளப்பட்டமையே அதன் அடிப்படைக் காரணமாகும்.

பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி அவர்களைக் கொல்வித்தான். இறந்தோர் 600 பேர் வரையினர் எனக் கத்தோலிக்க மரபு கூறும். மதம் மாறியோர் போர்த்துக்கேய மன்னனின் பாதுகாப்புக்கு உரியோராகக் கருதப்பட்டமையால், மதமாற்றம் சங்கிலிக்குக் குடிமாற்றமாகவே தோன்றியது எனலாம். இக்கொலைக்குத் தண்டனை வழங்குதல் 1560ஆம் ஆண்டுப் போர்த்துக்கேயப் படையெடுப்பின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. அதன் விளைவாக மன்னார் அவர்கள் வசமாயிற்று.

1619இல் பிலிப் டி ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவனால் இடிக்கப்பட்டது. அரசவைக்கும் ஆலயத்துக்கும் இருந்த நெருங்கிய தொடர்பை நோக்குமிடத்து, இவ்விடிப்பு வீழ்ந்த அரசின் எச்சத்தை அழிக்கும் செயலாகவும் அமைந்தமை புலனாகும். ஊர்தோறும் தேவாலயங்கள் எழுந்தன.

1658இல் ஒல்லாந்தர் ஆட்சி ஏற்பட்டதும் நிலைமை மாறிற்று. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை விதிக்கப்படும் என அவ்வாண்டே கட்டளை பிறந்தது. தேவாலயங்கள் புரட்டஸ்தாந்து வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. ஆதலின், சட்டவுரிமை நாடிய சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே ஆட்சியாளரின் சமயத்தைப் புறத்தே ஏற்றனர். வீட்டினுள்ளே தத்தம் நெறியைப் பேணினர். 1687இல் வந்த யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடம் பூண்டே இங்கு புகுந்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர்.

1806இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியது. சமயப்பூசல் மறையவில்லை, அதன் களமே மாறிற்று. 1876இல் கத்தோலிக்கர் தமக்கெனப் பத்திரிகை தொடங்கினர். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை 1889இல் இந்துசாதனத்தை வெளியிட்டது. வாளும் கட்டளையும் நின்ற இடத்திலே அச்சியந்திரமும் பாடசாலையும் நின்றன. தண்டிக்கும் அதிகாரம் எத்தரப்பினரிடத்தும் இன்மையால், கண்டனங்கள் கடுமையாயினும் அவை சொற்போராகவே அமைந்தன.

நல்லூரில் ஆலயத்தை இடித்த ஆட்சியும், சில்லாலையில் குருவானவரை ஒளிந்து வாழச் செய்த ஆட்சியும் வெவ்வேறு கிறித்தவப் பிரிவுகளைச் சார்ந்தவை. எனினும், குடிகளின் வழிபாட்டைத் தம் ஆணைக்கு உட்படுத்த முயன்றமையில் அவை ஒன்றே. மன்னாரிற் கொலைபுரிந்த சுதேச மன்னனும் இம்முடிவுக்கு விலக்கல்லன். சைவரும் கத்தோலிக்கரும் தத்தம் துன்பத்தை மாத்திரம் நினைவிற் கொள்ளின் வரலாறு பழியுரையாய் முடியும். இரண்டையும் ஒருங்கே நோக்கின், சமயம் அரசின் கருவியாகும்போது நேரும் கேடு தெளிவாகும்.