நரம்பை அறுத்தால் நோய் போய்விடுமா?

குதிரையின் வரலாறு என்றால் படையெடுப்பு, பட்டத்து ராஜா, நாற்சந்தியில் ஒரு சிலை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரையின் குளம்பை யார் சீவியது, யார் லாடம் அடித்தது, அது விந்தி விந்தி நடக்க ஆரம்பித்ததும் அதை என்ன செய்தார்கள் என்று எந்தச் சிலையும் சொல்லாது. வரலாற்றைக் குளம்பிலிருந்து படித்தால் வேறு கதை வருகிறது.

முன்னங்கால் குளம்புக்குள்ளே, பின்பக்கமாக, படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. 'நேவிகுலர்' என்பது அதன் பெயர். காலை மடக்குகிற பெரிய தசைநாண் அதை உரசிக்கொண்டுதான் போகிறது. உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் சுமக்கின்றன. பிறவி அமைப்பு, சரியாகச் சீவாத குளம்பு, கெட்டித் தரையில் ஓயாத வேலை எல்லாம் சேர்ந்தால் எலும்பு அரிக்கும், நாண் நைந்துபோகும். குதிரை குதியை ஊன்றப் பயந்து நுனியை முதலில் வைக்கும். இரண்டு காலிலும் நோவு இருந்தால் நொண்டுவதே தெரியாது. நடை குறுகிப்போகும், அவ்வளவுதான். ஓட்டுகிறவன், 'சோம்பேறிக் கழுதை, வேலைக்கு மசிய மாட்டேங்குது' என்று சாட்டையை எடுப்பான். நோவுக்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது குதிரையோடு மட்டும் நிற்கவில்லை என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இந்த நோவு இருக்குமிடத்தை முதலில் தேடிப் போனவர்கள் குளம்பைக் கையில் பிடித்தவர்கள்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் எத்தியென் கியோம் லஃபோஸ் என்பவர் செத்த குதிரைகளின் குளம்பை அறுத்துப் பார்த்து, கோளாறு அந்தச் சின்ன எலும்பிலும் இருக்கலாம் என்று எழுதினார். அவர் அரண்மனை லாயத்தில் லாடம் அடித்தவர். ஆனால் 1762-ல் லியோன் நகரத்தில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தவர் குதிரையேற்றப் பள்ளி நடத்திய குளோத் பூர்ஜெலா. லஃபோஸின் மகனுக்கும் அவருக்கும் பெரும் பகை. 1791-ல் லண்டனில் கல்லூரி வந்தது. 1881-ல் பிரிட்டனில் சட்டமே வந்து, பதிவு செய்யாதவர் கால்நடை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது. போலி வைத்தியத்தைத் தடுக்க அது தேவைதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் குளம்பைத் தடவிப் பார்த்தவன் கையில் இருந்தது 'தொழில்' ஆனது, கல்லூரியில் இருந்தது 'அறிவு' ஆனது.

1816-ல் ஜேம்ஸ் டர்னர் இந்த நோயை விளக்கி எழுதினார். அதே காலத்தில் லண்டன் கல்லூரியின் வில்லியம் சீவெல் ஒரு வைத்தியத்தைப் பரப்பினார். குளம்புக்குப் போகிற நரம்பை அறுத்துவிடுவது. ஈதர், குளோரோஃபார்ம் மயக்க மருந்தெல்லாம் 1846, 1847-க்குப் பிறகுதான் வந்தன. அதுவரை குதிரையைக் கயிற்றால் கட்டிக் கீழே தள்ளி, முழு நினைவோடு இருக்கும்போதே அறுத்தார்கள். நோவைப் போக்குவதற்காகச் செய்த வைத்தியம் இது!

நரம்பு அறுத்த குதிரை எழுந்து ஓடும். பார்க்கிறவர்களுக்கு அதிசயமாக இருக்கும். எலும்பு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஆணி குத்தினாலும் தெரியாது, குளம்பு சீழ் பிடித்தாலும் தெரியாது. சில குதிரைகளுக்கு நாண் அறுந்துவிடும், சிலதுக்குக் குளம்பே கழன்றுவிடும். வாங்குகிறவனிடம் மறைத்து விற்கவும் இந்த வைத்தியம் வசதியாக இருந்தது. 1890களில் லண்டன் தெருக்களில் சுமார் 3 லட்சம் குதிரைகள் உழைத்தன. முடியாமல் போனவை கொல்களத்துக்குப் போயின. தோல் ஒருவனுக்கு, எலும்பும் குளம்பும் ஒருவனுக்கு, கறி பூனைக்கு. உரித்தவனின் பெயரையும் எந்தச் சிலையும் சொல்லாது.

வேறு குரலும் இருந்தது. லண்டன் கல்லூரியின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவரான பிரேசி கிளார்க் 1809-ல் எழுதினார்: குளம்பு தரையில் பதியும்போது விரிகிறது, இரு பக்கமும் ஆணி அடித்த இரும்பு லாடம் அதை விரியவிடாமல் இறுக்குகிறது. நோயாளியைத் திருத்துவதை விட்டுவிட்டு, நோயாளிக்கு மாட்டிய இரும்பைக் கேள்வி கேட்டார். அவர் செய்து பார்த்த கீல் வைத்த லாடம் நிலைக்கவில்லை. கேள்வி நிலைத்துவிட்டது.

இன்றைய வைத்தியம் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. முதல் வேலை குளம்பைச் சமமாகச் சீவி, நீண்ட நுனியைக் குறைத்து, குதிக்குத் தாங்கல் கொடுக்கிற லாடம் போடுவது. மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து செய்தால்தான் அது சரியாக வரும். கூடவே வேலைக் குறைப்பு, மெதுவான நடை. நோவுக்கு ஃபினைல்பியூட்டசோன், தேவைப்பட்டால் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி. எலும்பு அரிப்பைத் தணிக்க டிலுட்ரோனேட், குளோட்ரோனேட் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி தந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாகத் தெரிந்தாலும் நாண் கிழிந்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கிறது. 'ஒண்ணுமில்ல, நடிக்குது' என்று சொன்னதெல்லாம் பொய் என்று இப்போது படமே சொல்கிறது. இவ்வளவு செய்தாலும் பல குதிரைகளுக்கு முழுக்கக் குணமாவதில்லை; நோவைக் குறைத்து வைத்திருக்கலாம்.

நரம்பறுப்பு இன்றும் இருக்கிறது, கடைசி வழியாக. அறுத்த நரம்பு சில வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடுகிறது. நோவும் திரும்பி வருகிறது. அதே நரம்பில் மருத்துவர் மரத்துப்போகிற ஊசியும் போடுகிறார். ஊசி போட்டதும் நொண்டல் நின்றால், நோவு குளம்பின் பின்பக்கம்தான் என்று கண்டுபிடித்துக்கொள்கிறார். ஒரே நரம்பு. கொஞ்ச நேரம் மரக்க வைப்பது நோவைத் தெரிந்துகொள்ள. அறுத்துப் போடுவது நோவோடு வேலை வாங்க.

ஒரு வைத்தியத்தைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் நாம் கேட்க வேண்டியது இதுதான்: நோயாளி தேறினானா, இல்லை வண்டி மட்டும் நிற்காமல் ஓடியதா?